ராத்திரிச் சூறைக்காற்றுக்கு முன்னால் ஷீட் கூரையைப் பாருங்கள்

மதுரையைச் சுற்றி ஒத்தக்கடை, திருநகர், சமயநல்லூர் பக்கமெல்லாம் மொட்டைமாடியில் தகர ஷீட் போட்டுக் கொடுப்பது என் தொழில். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, ஊர் தூங்கும் நேரத்தில் இடியோடு சூறைக்காற்று கிளம்பும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பங்குனியிலேயே பார்த்துவிடுங்கள்.

ஷீட்டைக் காற்று அமுக்குவதில்லை, தூக்குகிறது. மேலே வேகமாக ஓடும் காற்று இழுக்க, திறந்த பக்கம் வழியாகக் கீழே நுழைந்த காற்று தள்ளும். மூலையும் ஓரமும்தான் முதலில் கிளம்பும். அதனால் ஷீட்டின் நெளிவு மேடுகளில், நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு ஸ்க்ரூ அடித்திருந்தாலும், ஓர வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் அடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, துளை துருப்பிடித்துப் பெரிதானால், ஸ்க்ரூ அப்படியே நிற்க ஷீட் மட்டும் உருவிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் குழாய்க் கால்கள். பல வீடுகளில் கைப்பிடிச் சுவர்மேல் சும்மா சிமெண்ட் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். ஷீட்டை எவ்வளவு இறுக்கினாலும் சட்டத்தோடு பறக்கும். காலுக்கு அடியில் தகடு வைத்து, கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டே ஆக வேண்டும். இதில் மட்டும் தயவுசெய்து காசு பார்க்காதீர்கள். ஷீட்மேல் கல், பழைய டயர் வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஷீட் எழும்பினால் கல் பக்கத்து வீட்டில் தூங்குகிறவர் மேல்தான் விழும்.

ராத்திரி இடிச் சத்தம் கேட்டு, காற்று திடீரென்று குளிர்ந்தால், ஷீட்டுக்கு அடியில் படுத்திருப்பவர்களை எழுப்பிக் கீழே கான்கிரீட் அறைக்குக் கூட்டி வாருங்கள். கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். காயப்போட்ட துணிக்காகவோ, படபடக்கும் ஷீட்டைப் பிடிக்கவோ யாரும் மேலே போகக் கூடாது.

விடிந்ததும் தெருவில் அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். சேதத்தைப் போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடம் காட்டிய பிறகு ஒதுக்குங்கள். உடைந்தது ஆஸ்பெஸ்டாஸ் என்றால், தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டு அள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.