காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் சைக்கிள் வாங்கி, அதை வேலைக்கும் கடைக்கும் மட்டுமே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஒரு சனிக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதி வந்துவிடும். தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய கிராமங்கள், சில கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒரு கார் மட்டும் போகிற அளவுக்கு ஒடுங்கிய சாலைகளால் கோர்க்கப்பட்டிருக்கும். நான் பலமுறை சுற்றிவந்த ஒரு வழியை அப்படியே சொல்கிறேன். கிங்கம் ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடியும். மொத்தம் 40 முதல் 45 கிலோமீட்டர்.

தூரத்தைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் கிலோமீட்டரைத்தான் எண்ணுகிறார்கள், ஆனால் இந்த ஊரில் காலைப் பிடிப்பது ஏற்றம்தான். இந்த வழியில் பெரிய ஏற்றம் இரண்டு. அந்த இரண்டும் எங்கே வருகின்றன, அதற்கு முன்னால் எங்கே சாப்பிடுவது, எங்கே உட்காருவது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

1. வழியைப் போட்டுக்கொள்ளுங்கள்

சைக்கிளுக்கென்றே உள்ள வழிகாட்டிச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கோமூட் போதும். கார்களுக்கான வழிகாட்டி உங்களை நேராக லாரி ஓடும் சாலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். செயலியில் இந்த வரிசையில் ஊர்களைக் கொடுங்கள்: கிங்கம், பிளெடிங்டன், இக்கம், விக் ரிசிங்டன், போர்ட்டன்-ஆன்-த-வாட்டர், லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர், லோயர் ஸ்வெல், ஸ்டோ-ஆன்-த-வோல்ட், பிராட்வெல், ஈவன்லோட், ஆடில்ஸ்ட்ராப், டேல்ஸ்ஃபோர்ட், மறுபடி கிங்கம்.

வரிசையை மாற்றாதீர்கள், காரணம் இருக்கிறது. இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றில் மேற்கே போய்விட்டு, மாலையில் களைத்தபிறகு அதே காற்று முதுகைத் தள்ளத் திரும்பலாம். இரண்டாவது பெரிய ஏற்றமான ஸ்டோவுக்கு அப்புறம் வழி பெரும்பாலும் இறக்கம், சமதளம்.

செயலி இருந்தாலும் காகித வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில பள்ளத்தாக்குகளில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓ.எல். 45 என்ற காட்ஸ்வோல்ட்ஸ் தாள் இந்த வழி முழுவதையும் காட்டும். அதில் சாலைமேல் அம்புமுனை போல ஒரு குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம், இரண்டு இருந்தால் 20 சதவீதத்துக்கும் மேல். அம்பு காட்டுவது இறங்கும் பக்கத்தை. இதை மாற்றிப் புரிந்துகொண்டு ஏற்றத்தை இறக்கம் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு.

2. சைக்கிளும் சாமானும்

விலை உயர்ந்த ரேஸ் சைக்கிள் தேவையே இல்லை. 28 மில்லிமீட்டரோ அதைவிட அகலமோ உள்ள டயர், ஏற்றத்தில் லேசாக மிதிக்கும்படி நன்றாக இறங்கும் கியர், இரண்டு பக்கமும் பிடிக்கும் பிரேக் இருந்தால் போதும். தண்ணீர் பாட்டில் இரண்டு, மழைக்கோட்டு, வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய், இரண்டு டியூப், டயர் நெம்பி, சின்னப் பம்பு. இரண்டு டியூப் எதற்கு என்றால், ஒரு அக்டோபரில் எனக்குப் பத்தே நிமிட இடைவெளியில் இரண்டு பஞ்சர் ஆனது.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே சாலையோரம் முழுக்க முள்வேலி, பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முட்செடி. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டத் தொடங்குவார்கள், முள்ளெல்லாம் சாலையில் சிதறிக் கிடக்கும். அன்று முதல் பஞ்சர் ஆனதும் நான் அவசரமாகப் பழைய டியூபைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக் காற்றடித்தேன். டயருக்குள் முள்ளின் முனை ஒடிந்து அப்படியே இருந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அது புது டியூபையும் குத்திவிட்டது. ஆகவே டியூப் மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். நறுக்கென்று எதாவது தட்டுப்பட்டால் நகத்தால் நெம்பி வெளியே தள்ளிவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும். வீட்டில் இரண்டு முறை இதைச் செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

3. ரயில்

லண்டன் பேடிங்டனிலிருந்து கிங்கத்துக்கு நேரடி ரயில் உண்டு. ரயிலில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவதுண்டு, அப்படி என்றால் சைக்கிளோடு ஏறுவது சந்தேகம். அதனால்தான் சனிக்கிழமை என்றேன். மே, ஜூன் மாதங்கள் மிக நல்லவை, ஜூனில் இரவு 9 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். கிடைக்கிற முதல் ரயிலில் ஏறிவிடுங்கள்.

4. சாலையில் எப்படி

நம் ஊர் போலவே இடதுபக்கம்தான். ஆனால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கேதான் முள்ளும் சரளையும் குழியும் இருக்கும், அதோடு பின்னால் வருகிற காருக்கும் உங்களை உரசிக்கொண்டு முந்தலாம் என்ற எண்ணம் வரும். வண்டி குறைவான சாலையில் சைக்கிள்காரர் தன் தடத்தின் நடுவில் போகலாம் என்று இந்நாட்டுச் சாலை விதி நூல் 2022 முதல் தெளிவாகவே சொல்கிறது. முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விடவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பின்னால் கார் வெகுநேரம் காத்திருந்தால், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள், கையைத் தூக்கி நன்றி சொல்வார்கள்.

குதிரையில் வருகிறவர்கள் இங்கே நிறைய. பின்னாலிருந்து சத்தமில்லாமல் சைக்கிள் வந்தால் குதிரை மிரண்டுவிடும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, “ஹலோ” என்று சாதாரணமாகக் குரல் கொடுங்கள், அவர்கள் திரும்பிப் பார்த்தபிறகு வலதுபக்கமாக நன்றாக விலகிக் கடந்துபோங்கள்.

ஏற்றத்துக்கு ஒரே விதி: கால் கனக்கும்வரை காத்திருக்காமல், மேடு தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கழன்று விழும். முடியவில்லையா, இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள், ஆனால் வளைவில் நிற்காதீர்கள்.

5. கிளம்பலாம்

கிங்கத்திலிருந்து பிளெடிங்டன் கூப்பிடு தூரம்தான், சமதளம். ஊர்ப் புல்வெளி ஓரமாக ஓடை போகும். கால் சூடாகட்டும், மெதுவாக மிதியுங்கள். அதன்பிறகு இக்கம் போகும் வழியில் முதல் ஏற்றம். அது முடியும் இடத்தில் ஏ424 என்ற வேகமான சாலை குறுக்கே வரும், அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தால் விக் ரிசிங்டனுக்கு இறக்கம்.

விக் ரிசிங்டன் எனக்கு இந்த வழியிலேயே மிகப் பிடித்த ஊர். அகலமான புல்வெளி, வாத்துகள் நீந்தும் ஒரு குளம், சின்னத் தேவாலயம். இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1892-ல், 17 வயதில், இந்தத் தேவாலயத்தில்தான் ஆர்கன் வாசிக்கும் வேலையில் சேர்ந்தார். இங்கே இறங்கி ஏதாவது ஒரு பழைய கல்சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். கல்லின் ஒடிந்த விளிம்பில், கேழ்வரகை நெருக்கிப் பதித்தது போலக் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். இதுதான் ஊலைட் சுண்ணாம்புக் கல். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தது, அந்தக் கடலடியில் உருண்ட துகள்கள்மேல் சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான கல். அதில் கலந்த இரும்புதான் அந்தத் தேன் நிறத்தைத் தருகிறது. வயல்களைப் பிரிக்கும் சுவர்களையும் பாருங்கள், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின்மேல் கல்லை வைத்தே கட்டியவை.

அடுத்து போர்ட்டன். கணுக்கால் அளவே ஓடும் வின்ட்ரஷ் ஆறு, அதன்மேல் தாழ்வான கல்பாலங்கள். 1937-ல் திறந்த ஒரு மாதிரி கிராமம் இருக்கிறது, இதே ஊரை ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். ஊர் அழகுதான், ஆனால் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கக்கூட இடம் இருக்காது. காலை 10 மணிக்குள் வந்தால் நில்லுங்கள், பிந்தினால் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுங்கள்.

போர்ட்டனையும் ஸ்லாட்டர் ஊர்களையும் பிரிப்பது ஏ429, அதாவது ரோமானியர்கள் எக்ஸெட்டரிலிருந்து லிங்கன் வரை போட்ட ஃபாஸ் வே. கோடு போட்டதுபோல நேராக இருப்பதால் கார்கள் பறக்கும். கொஞ்சமும் அவசரப்படாமல், தேவையானால் இறங்கிக் கடங்கள்.

ஸ்லாட்டர் என்றால் கசாப்பு அல்ல, சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். லோயர் ஸ்லாட்டரில் ஆற்றை ஒட்டியே தெரு போகும், கோடியில் ஒரு பழைய மாவு ஆலை, கல் ஊருக்கு நடுவே அதன் செங்கல் புகைபோக்கி மட்டும் தனியாகத் தெரியும். அப்பர் ஸ்லாட்டரில் ஆறு சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது என்று சைக்கிளை அதில் விடாதீர்கள், அடியில் இருக்கிற பாசி சக்கரத்தை அப்படியே வழுக்கிவிடும். பக்கத்திலேயே நடைபாலம் இருக்கிறது. இந்தச் சின்ன ஊரிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். இந்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் போரில் மாண்டவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று நிற்கும், அவற்றைப் பார்த்துப் பார்த்து வந்தவர்களுக்கு இந்த ஊரில் நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

6. ஸ்டோ ஏற்றமும் சாப்பாடும்

லோயர் ஸ்வெல்லிலேயே தண்ணீர் குடித்து ஒரு பழம் சாப்பிட்டுவிடுங்கள், அடுத்தது ஸ்டோ ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து 240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காற்று சில்லென்று அடிக்கும். வியர்த்த சட்டையோடு நிற்காமல் மேலே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு இங்கேதான், ஆனால் இரண்டு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். பல விடுதிகளில் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாலையில்தான் மறுபடி திறப்பார்கள்.

சாப்பிட்டபிறகு சந்தைச் சதுக்கத்துக்குள் வரும் ஒடுக்கமான சந்துகளைப் பாருங்கள், உள்ளூரில் ட்யூர் என்பார்கள். ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி எண்ணுவதற்கு வசதியாக இவ்வளவு குறுகலாக விட்டார்கள் என்று சொல்வார்கள். ஒரே சந்தையில் 20,000 ஆடுகள் விற்ற காலமும் உண்டு. இந்தப் பகுதி முழுக்கக் கம்பளிக் காசில் எழுந்ததுதான், இவ்வளவு சின்ன ஊர்களில் இவ்வளவு பெரிய தேவாலயங்கள் வந்ததும் அதனால்தான். பிறகு நிலக்கரியும் நீராவியும் வந்து துணித் தொழில் வடக்கே போய்விட்டது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாமல் போனதால்தான் இந்த வீடுகள் நமக்குக் கிடைத்தன. தேவாலயத்தின் வடக்கு வாசலையும் பார்த்துவிடுங்கள், கதவின் இரண்டு பக்கமும் யூ மரங்கள் துவாரபாலகர்கள் மாதிரி நிற்கும். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1646 மார்ச்சில் இந்த ஊரையொட்டி நடந்த சண்டையில் தோற்ற அரசர் படையினரை அந்தத் தேவாலயத்தில்தான் அடைத்துவைத்தார்கள்.

7. திரும்பும் வழி

பிராட்வெல்லுக்கு இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல், இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடித்தால் பின்சக்கரம் சறுக்கும். ஈவன்லோட் தாண்டி ஆடில்ஸ்ட்ராப்பில் ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறது. 1914 ஜூன் 24 அன்று எட்வர்ட் தாமஸ் என்பவர் வந்த ரயில் இந்த ஊரில் சும்மா சற்று நேரம் நின்றது, அந்தச் சில நிமிடங்களை அவர் கவிதையாக்கினார். 1917-ல் போரில் இறந்துபோனார். நிலையம் 1966-ல் மூடப்பட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகையை மட்டும் ஊர்க்காரர்கள் அந்த நிழற்குடையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கடைசி ஊர் டேல்ஸ்ஃபோர்ட். நம் பாடப்புத்தகத்தில் வரும் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஊர். 1769-ல் சென்னைக்கு வந்து கோட்டையில் கவுன்சில் உறுப்பினராக இருந்துவிட்டு, அங்கிருந்துதான் வங்காளத்துக்குப் போனார். குடும்பம் இழந்த இந்த நிலத்தை இந்தியாவிலிருந்து திரும்பியபிறகு 1788-ல் வாங்கினார், அவர்மேல் நாடாளுமன்றத்தில் விசாரணை தொடங்கிய அதே ஆண்டில். கல்லறை தேவாலயத்தின் வெளியே இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன், கிழக்கிந்தியக் கம்பெனியின் கதை இந்த அமைதியான புல்வெளியில் வந்து முடிந்திருக்கிறது என்பது மனதில் லேசாக இறங்காது.

அங்கிருந்து கிங்கம் நிலையம் கொஞ்ச தூரம்தான். ரயிலுக்கு அரைமணி நேரம் முன்பே வந்துவிடுங்கள், சைக்கிளை ஏற்றும் பெட்டி எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டு, இரண்டு டயரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் படுங்கள். முள் குத்தி, இன்னும் காற்று இறங்காமல் இருக்கும்.