பிஎல் மவுண்ட் மாற்றுவது: ஸ்க்ரூ சுலபம், ஷிம்தான் வேலை வாங்கும்

உங்கள் கேமராவில் இருப்பது ஈஎஃப் மவுண்ட் (கேனான் லென்ஸ் மாட்டும் வளையம்), வாடகைக்கு வருவது சினிமா கேமராக்களுக்கான பிஎல் மவுண்ட் லென்ஸ் செட். கேமரா இடம் கொடுத்தால் அடாப்டரை நம்பாமல் மவுண்டையே மாற்றிவிடுங்கள், அடாப்டரில் துளி ஆட்டம் இருந்தாலும் ஃபோகஸை அளந்து திருப்புகிற ஃபோகஸ் புல்லர் பாடு திண்டாட்டம்தான்.

ஷூட்டிங் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் பக்கமோ உவரிக் கடற்கரையிலோ என்றால், ஸ்பாட்டில் திறக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் அங்கே அடிக்கிற காற்றுக்குக் கார் கதவைச் சாத்திக்கொண்டாலும் மண் வரும். முந்தின நாள் ராத்திரியே ஜங்ஷன் லாட்ஜ் ரூமில், ஃபேனை அணைத்துவிட்டு, மேஜையை ஈரத்துணியால் துடைத்து முடித்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றுங்கள். மவுண்ட் மேலே பார்க்கிற மாதிரி கேமராவைப் படுக்க வையுங்கள். அந்த ஸ்க்ரூவுக்கு உரிய சாவி மட்டும்தான், கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியைப் போட்டால் தலை வழுக்கிவிடும். எதிரெதிராக ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு, மவுண்டை நேராக மேலே தூக்குங்கள். அடியில் தாள் மாதிரி மெல்லிய வளையம் இருக்கும், அதுதான் ஷிம், லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தைச் சரிக்கட்டுவது. சில சமயம் மவுண்டோடு ஒட்டிக்கொண்டு வரும், சில சமயம் பாடியிலேயே தங்கிவிடும், எத்தனை, என்ன கனம் என்று போட்டோ எடுத்துவிட்டு அந்த மவுண்டோடு ஒரே கவரில் போடுங்கள். சென்சார் பக்கம் வாயால் ஊதாதீர்கள், கைப் ப்ளோயர் போதும்.

புது மவுண்டை அதன் ஷிம்மோடு வைத்து, முதலில் எல்லா ஸ்க்ரூவையும் விரலால் பிடிக்க வைத்து, அப்புறம் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள்.

இப்போதுதான் உண்மையான வேலை. லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து சென்சார் வரை பிஎல்லுக்கு 52 மி.மீ. இருக்க வேண்டும். இதில் 0.02 மி.மீ. கூடிப்போனால், 18 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில் (வெகுதூரக் குறியில்) வைத்தாலும் ஃபோகஸ் 16 மீட்டரில் நின்றுவிடும். அதே பிழையில் 85 மி.மீ. லென்ஸ் 360 மீட்டர் தாண்டிப் போய் நிற்பதால் யாருக்கும் தெரியாது. அதனால் செட்டிலேயே ஆக வைடான (மி.மீ. எண் ஆகக் குறைந்த) லென்ஸை எடுத்து, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, கேமராவில் உள்ள சென்சார் குறியிலிருந்து டேப் பிடித்து 2 மீட்டரில் ஒரு ஃபோகஸ் சார்ட்டை ஒட்டிப் பாருங்கள். படம் கூர்மையாகும்போது லென்ஸ் மேலுள்ள தூர அளவு 2.3 என்று காட்டினால் லென்ஸ் தள்ளி நிற்கிறது, ஷிம்மைக் குறையுங்கள். 1.8 என்றால் கூட்டுங்கள். இன்னொரு லென்ஸிலும் அதே கதை என்றால்தான் மவுண்டில் கை வைக்கணும், இல்லாவிட்டால் குறை அந்த லென்ஸில்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் தூரத்துக் காற்றாலை ஒன்றை இன்ஃபினிட்டியில் பார்த்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கானல் அலையில் எதுவும் பிடிபடாது. வாடகை லென்ஸ் திரும்பிப் போன பிறகு பழைய மவுண்டை மாட்டும்போதும் இதே சோதனை உண்டு, கவரில் போட்ட ஷிம்மை எடுக்க மறக்காதீர்கள்.