ஆம்பளைங்களோட குழந்தையின்மைக்கு ஸ்கேன் பாக்குறப்ப பண்ணக்கூடாத தப்பு

பழைய வண்ணாரப்பேட்டைல நான் ஸ்கேன் பாக்குற எடத்துக்கு போன வாரம் ஒரு பையன் கத்துக்க வந்தான், மூணாவது பேஷன்ட்லயே "சார், வெரிகோசீல் இருக்கு"ன்னு சொல்லிட்டான். வெரிகோசீல்னா விதைக்கு மேல இருக்குற ரத்த நரம்பு, அதாவது வெயின், வீங்கிக்கறது. நிக்க வெச்சு பாத்தியாப்பான்னு கேட்டேன், முழிச்சான். ஆரம்பத்துல நானும் இதயேதான் பண்ணேன், அதான் எழுதுறேன். ஜெல் பத்தல, கெய்ன் (படத்தோட வெளிச்சம்) சரியில்லங்கறதெல்லாம் பழகப் பழக தானா சரியாயிடும், அத விட்டுடுவோம்.

நரம்பு தெரிஞ்சாலே வெரிகோசீல்னு எழுதுறது

இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் கோவம் வருது. விதைக்கு மேல அந்த வெயின் கொத்து எல்லா ஆம்பளைக்கும் இருக்கு, ப்ரோப் (உடம்புல வெக்கிற ஸ்கேன் கருவி) வெச்சா தெரியத்தான் செய்யும். பேஷன்ட்ட நிக்க வெச்சு, மூச்ச அடக்கி முக்க சொல்லி, அப்ப வெயின் 3 மிமீயாவது இருக்கணும், ரத்த ஓட்டத்த காட்டுற கலர் டாப்ளர் போட்டா ரத்தம் திரும்பி ஓடுறது 2 செகண்டுக்கு மேல நீடிக்கணும், இது ரெண்டும் பாக்காம படுக்க வெச்சு அளந்து 'கிரேடு 1'னு ஒரு வரி எழுதி குடுத்தா அந்த வரி ஒரு குடும்பத்தையே ஆட்டிப் படைச்சிடும். சர்ஜன் தொட்டுப் பாத்து போடுற கிரேடு வேற, ஸ்கேன்ல போடுற கிரேடு வேற, எந்த கிரேடுன்னாவது எழுதணும்ல.

காசிமேட்டுல ஐஸ் ஏத்துற வேலை பாக்குற தம்பி ஒருத்தர் வந்தாரு, கல்யாணமாகி 4 வருஷம். வேற ஒரு எடத்துல பாத்துட்டு இடது பக்கம் வெரிகோசீல்னு எழுதியிருந்தாங்க. "நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க சார், வூட்டுக்காரம்மா நகைய அடகு வெச்சுதான் ஆபரேஷன் பண்ணிக்கினேன்"னாரு. பழைய படத்த வாங்கிப் பாத்தா 2.1 மிமீ, முக்க வெச்சு எடுத்த படம் ஒண்ணு கூட இல்ல. செமன் (விந்து) டெஸ்ட் ஆபரேஷனுக்கு முன்னாடியே நார்மல். தொட்டா தெரியாத வெரிகோசீலுக்கும், செமன் நார்மலா இருக்கறவருக்கும் குழந்தைக்காக ஆபரேஷன் வேணாம்னுதான் கைட்லைன் சொல்லுது. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் இப்ப சரியாகும், அப்ப சரியாகும்னு காத்திருந்திருக்காங்க, கடைசில பாத்தா அந்தம்மாவுக்கு ரெண்டு கருக்குழாயும் அடைப்பு. அதுக்குள்ள அவங்களுக்கு 33 வயசாயிடுச்சு. காசு கூட சம்பாரிச்சுக்கலாம், அந்த ஒன்றரை வருஷத்த யாரு குடுப்பா? என் ஆரம்ப கால ரிப்போர்ட்ல எத்தன பேர் இப்படி ஆபரேஷன் டேபிளுக்கு போனாங்களோன்னு நெனச்சு தூக்கம் வராத ராத்திரி இருக்கு.

இன்னொண்ணு, உண்மையாவே வெரிகோசீல் இருந்து, அது வலது பக்கம் மட்டும்னா அப்படியே எழுதி அனுப்பாதீங்க, வயித்தையும் கிட்னியையும் ஒரு தடவ பாருங்க. இடது வெயின் கிட்னி வெயின்ல போய் செங்குத்தா சேருது, அதனால அந்தப் பக்கம் வர்றது சகஜம். வலதுல மட்டும் வந்தா மேல ஏதாச்சும் கட்டி அமுக்குதான்னு பாக்கணும்.

விதை சைஸ்

நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்கி, அத 0.71ஆல பெருக்குங்க. மிஷின் பெரும்பாலும் 0.52 போட்டுதான் காட்டும், 4 × 2.5 × 2.5 செமீ விதைய அது 13 மிலின்னு சொல்லும், இதுல போட்டா கிட்டத்தட்ட 18.

விந்தணு ஜீரோன்னா விதையோட ஸ்கேன நிறுத்திடறது

செமன் அளவு 1.4 மிலிக்கு கம்மி, பிஹெச் 7க்கு கீழ, ஃப்ரக்டோஸ் (விந்துல இருக்குற சர்க்கரை) இல்லன்னா அடைப்பு கீழ, விந்து வெளிய வர்ற குழாய்ல இருக்கலாம், ஆசனவாய் வழியா ஸ்கேன் பண்ணி செமினல் வெசிக்கிள் (விந்து நீர் சுரக்குற பை), நடுவுல சிஸ்ட் (நீர்க்கட்டி) எல்லாம் பாருங்க. வெசிக்கிள் 15 மிமீக்கு மேல உப்பியிருந்தா சந்தேகப்படலாம், ஆனா எத்தன நாளா விந்து வெளியேறலன்னும் கேட்டுக்கோங்க, அதுக்கேத்த மாதிரி சைஸ் மாறும். விந்தணுவ கொண்டு போற வாஸ் குழாய் பொறவிலயே இல்லாதவங்களும் இருக்காங்க, ஒரு பக்கம் இல்லன்னா அந்தப் பக்க கிட்னியே இல்லாம இருக்கறதும் உண்டு, அதையும் பாத்து எழுதுங்க. ரெண்டு பக்கமும் இல்லன்னா சிஎஃப்டிஆர் ஜீன் டெஸ்ட் (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கற பரம்பரை வியாதிக்கான டெஸ்ட்) புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேணும்.

செமன் ரிப்போர்ட்

கைல வாங்கிப் படிக்காம ப்ரோப்ப தொடாதீங்க.

அவசரப்படுத்துறது

நிக்க வெச்சு முக்க சொன்னா பாதி பேர் வெக்கத்துல முக்கவே மாட்டாங்க, அப்புறம் நார்மல்னு எழுதுனா அதுவும் தப்பு. கூட வந்த மாமாவையோ அம்மாவையோ வெளிய உக்கார சொல்லுங்க, கதவ சாத்துங்க, குளிர்ல விதைப்பை சுருங்கிடும் அதனால ஏசிய கம்மி பண்ணுங்க, பொறங்கைய வாய்ல அழுத்தி பலூன் ஊதுற மாதிரி ஊதுங்க தம்பின்னு நீங்களே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. அப்ப ஊதுவாங்க.