சீட்டு மேசைக்குப் பக்கவெளிச்சம்: மடக்கி வைக்கும் விளக்குச் சட்டம் செய்யும் முறை

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சீட்டு விளையாடினால் இரண்டு தொல்லைகள். கூரை விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றினால் இறக்கை நிழல் மேசையில் படபடக்கும். விசிறியை நிறுத்திவிட்டாலும், பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டில் விளக்கு பளிச்சென்று விழுந்து எழுத்தை மறைக்கும். பக்கவாட்டில், தாழ்வாக, இரண்டு புறமும் விளக்கு வைத்தால் இரண்டும் தீரும்.

கீழே உள்ள அளவுகள் 120 × 75 செ.மீ. மேசைக்கானவை. அதில் சீட்டுப் பரப்பும் 61 × 36 செ.மீ. விரிப்புகள் இரண்டு எதிரெதிரே கிடக்கும். மேசையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ‘கோல் கம்பம்’ (காற்பந்துத் திடலில் இருப்பதுபோல இரண்டு கால், மேலே ஒரு குறுக்குச் சட்டம்) நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்; குறுக்குச் சட்டத்தில்தான் விளக்கு. ஆட்டக்காரர்கள் நீளப் பக்கங்களில் உட்காருவார்கள்.

வாங்க வேண்டியவை

20 × 40 மி.மீ. பைன் மரச்சட்டம், 1.8 மீட்டரில் 2. கீல் (38 மி.மீ.) 4. டாகிள் லாட்ச் (நெம்பிப் பூட்டினால் இழுத்துப் பிடிக்கும் கொண்டி) 4. எம்6 × 40 இறக்கைத் திருகு, அதற்கான டி-நட் (மரத்தில் பதிக்கும் நட்), 8 மி.மீ. மர முளை ஆகியவை தலா 4. 16 மி.மீ. ‘வி’ வடிவ அலுமினிய புரொஃபைல் (எல்இடி பட்டையை உள்ளே ஒட்டும் காடி), பால் நிற மூடியோடு, 66 செ.மீ. நீளத்தில் 2. 3 மி.மீ. கறுப்பு பிவிசி ஃபோம் பலகை, 70 × 11 செ.மீ. அளவில் 2. 12 வோல்ட் எல்இடி பட்டை 1.5 மீட்டர், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், சிலிக்கான் உறையிட்ட, 20 ஏ.டபிள்யூ.ஜி. தடிமனுள்ள வயர்.

மின்சாமான்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் போதும். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பட்டையில் சிஓபி (புள்ளி தெரியாமல் ஒரே கோடாக எரியும்) வகையையே வாங்குங்கள். புள்ளிபுள்ளியாக எரியும் பழைய வகை, பால் மூடிக்குள் வைத்தாலும் உறையில் மணிமணியாகத் தெரியும். மீட்டருக்கு 10 வாட், ஒளியின் நிறம் 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற குறியீடு) 90-க்கு மேல். சிஆர்ஐ குறைந்தால் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தோன்றும். மொத்த மின்செலவு 14 வாட்டை ஒட்டி, அதாவது சுமார் 1.2 ஆம்பியர். அடாப்டரில் சிங்கப்பூர் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உயரம் 30 செ.மீ., ஏன்?

பலரும் விளக்கை உயர்த்தத்தான் பார்ப்பார்கள். அது தவறு. உட்கார்ந்தவரின் கண் மேசையிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். விளக்கு 30 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதன் பிரதிபலிப்பு கண்ணிலிருந்து விளக்கு வரையுள்ள கிடைத் தூரத்தில் 45/75, அதாவது 60 விழுக்காட்டில் விழும். இரண்டு விளக்குகளுக்கும் இடையே 105 செ.மீ. விட்டால், நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு விளக்கும் 52.5 செ.மீ. தொலைவு; பிரதிபலிப்பு நடுவிலிருந்து 31.5 செ.மீ. தள்ளி விழுகிறது. விரிப்பு 30.5 செ.மீ.யோடு முடிந்துவிடுவதால் சீட்டில் பளபளப்பு இல்லை. அதே விளக்கை 50 செ.மீ.க்கு உயர்த்தினால் 25 செ.மீ.க்குள் வந்துவிடும், ஓரச் சீட்டுகள் எல்லாம் மின்னும்.

மரவேலை

ஒரு மரச்சட்டத்திலிருந்து ஒரு கம்பம்: 70 செ.மீ. குறுக்குச் சட்டம் 1, 30 செ.மீ. கால் 2, 20 செ.மீ. பாதம் 2. குறுக்குச் சட்டம் 40 மி.மீ. முகம் மேலே பார்க்கப் படுத்திருக்க வேண்டும். காலின் தலை அதன் அடியில் முட்டி நிற்க, வெளி ஓரங்கள் சமமாக இருக்கட்டும். கீலை உள்மூலையில் பொருத்துங்கள். 2 மி.மீ. துளை போடாமல் திருகை ஏற்றினால், முனையில் பைன் பிளந்துவிடும். வெளிப்பக்கம் டாகிள் லாட்ச். அது இழுத்துப் பிடித்தால்தான் மூட்டு ஆடாது. கொக்கியும் வளையமும் இந்த வேலைக்கு உதவாது. கால்கள் உள்நோக்கி மடங்கி, நடுவில் 6 செ.மீ. இடைவெளியோடு படுத்துக்கொள்ளும்.

பாதத்தைக் காலின் வெளிமுகத்தில் திருகும் முளையுமாக மாட்டுங்கள். திருகு மட்டும் போட்டால் கம்பம் சாயும். டி-நட் உள்முகத்தில் இருக்கட்டும். பாதத்தில் 5 செ.மீ. மட்டும் வெளிப்புறம், மீதி மேசை நடுவை நோக்கி. மடக்கும் முன் பாதங்களைக் கழற்றிவிட வேண்டும்.

புரொஃபைலைக் குறுக்குச் சட்டத்தின் 20 மி.மீ. உள்முகத்தில், இரு முனையிலும் 2 செ.மீ. விட்டு, வெளிச்சம் சாய்வாகக் கீழே விழும்படி திருகுங்கள். ஃபோம் பலகையை மேலே வைத்து, 7 செ.மீ. உள்நோக்கி நீள விடுங்கள். வீட்டு இறவாணம் போல அது விளக்கை ஆட்டக்காரர் கண்ணிலிருந்து மறைக்கும்.

கீலைக் கடக்கும் வயர்

விளக்கிலிருந்து காலில் இறங்கும் வயர் கீலைக் கடக்கும் இடம்தான் பெரும்பாலும் பழுதாகும். வயரை வெளிமூலை வழியாகக் கொண்டுபோனால், காலை மடக்கும்போது அந்த மூலை கிட்டத்தட்ட 28 மி.மீ. விரியும், ஒவ்வொரு முறையும் வயர் இழுபடும். கீல் ஊசியின் முனை எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தை ஒட்டியே வயரைக் கடத்துங்கள். அங்கே நீளம் மாறாது, முறுக்கம் மட்டுமே. 4 செ.மீ. தளர்ச்சி விட்டு, கீலுக்கு மேலும் கீழும் 3 செ.மீ. தள்ளிக் கிளிப் அடியுங்கள்.

சாலிடர் இணைப்பு கீலிலிருந்து 5 செ.மீ.க்குள் வரக் கூடாது. இழைகளுக்குள் ஈயம் ஊறிய இடம் விறைத்துவிடும். விறைப்பு முடியும் எல்லையில்தான் ஒவ்வொரு இழையாக அறும். முதலில் காலை அசைத்தால் விளக்கு மினுக்கும், பிறகு அணைந்தே போகும். ஆகவே வயரைப் பட்டையோடு இணைக்கும் சாலிடரைப் புரொஃபைலின் மறுமுனையில் வைத்து, வயரை உள்ளேயே நீளமாக ஓட்டிக் கொண்டுவாருங்கள். அழுத்திப் பொருத்தும் கிளிப் இணைப்பான்கள் வேண்டாம்; மடக்கி விரித்தால் தளர்ந்துவிடும்.

பட்டையை ஒட்டும் முன் அலுமினியத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சில வாரங்களில் உரிந்து தொங்கும். விரல் நகத்தால் அழுத்த வேண்டாம். மஞ்சள் பூச்சு உடைந்தால் அந்தத் துண்டு எரியாது. இரண்டு கம்பங்களையும் இணையாக, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் பிரிப்பான் வழியே அடாப்டரில் மாட்டுங்கள்.

சரிபார்க்க

திரை அணைந்த கைத்தொலைபேசியை விரிப்பின் நான்கு மூலைகளிலும் வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் விளக்குக் கோடு தெரிந்தால் கம்பத்தை ஓரிரு செ.மீ. வெளியே தள்ளுங்கள். இடமில்லையென்றால் கால்களில் 2 செ.மீ. அறுத்துவிடலாம்.

பிறகு சேர்த்தது: உயரமானவர்களுக்குக் கண் மட்டம் 50 செ.மீ.க்கு மேல் போகும். அவர்களுக்குப் பளபளப்பு இன்னும் வெளியே விலகும் என்பதால் கம்பத்தை நகர்த்தத் தேவையில்லை. குழந்தைகளுக்கு நேர்மாறு: கண் 35 செ.மீ. என்றால் பளபளப்பு ஏறக்குறைய 28 செ.மீ. வரை உள்ளே வந்துவிடும். நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள்.