ஜெர்மனா, ஜப்பானியமா, மலையாளமா? காசு கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

எந்த மொழியைக் கற்பது எளிது என்று தேடினால் ஒரு பட்டியல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளின் பயிற்சிக்காகப் போட்டது அது. ஜெர்மனுக்கு 36 வாரம், ஜப்பானியத்துக்கு 88 வாரம். அதே பட்டியலில் தமிழுக்கு 44 வாரம்! ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கான கணக்கு அது. தமிழில் யோசிப்பவர் அதை நம்பி ஒரு மொழியை ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது மொழியை அல்ல, உங்களிடம் எந்த நிலை கேட்கப்படும் என்பதை. ஜெர்மனியில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேரப் பொதுவாக ஏ1 (ஆறு நிலைகளில் முதலாவது) போதும். அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பி2, அதாவது நான்காவது நிலை. ஜப்பானுக்குத் தொழில்திறன் விசாவில் போக என்4 (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வு. முதியோர் பராமரிப்பு வேலைக்கு அதற்கென்று தனி மொழித் தேர்வும் உண்டு. "ஜெர்மன் படிக்கிறேன்" என்பதற்கும் "பி2 முடிக்கிறேன்" என்பதற்கும் இடையே ஒன்றரை, இரண்டு வருடம் இருக்கிறது.

எப்படி என்றால்: பி2-வை எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவை என்கிறது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம். அதாவது 450 முதல் 600 மணி நேரம். வீட்டில் அதே அளவு படித்தால்தான் வகுப்பு ஒட்டும்; ஆக 900 முதல் 1,200. வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 600. "ஆறு மாதத்தில் பி2" என்று யாராவது சொன்னால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே அது முடியாது.

அடுத்தது, தமிழ் உங்களுக்கு எதை இலவசமாகத் தருகிறது என்பது. இங்கேதான் ஜப்பானியம் பலரை வியக்க வைக்கும். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'தபெதெ' என்றால் தின்று, 'மிரு' என்றால் பார். "தபெதெ மிரு" என்றால் தின்று பார். 'ஒகு' என்றால் வை; "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் தனிப் பாடமாகப் படிக்க வேண்டிய இதை நாம் கேட்டவுடனே பிடித்துக்கொள்வோம். ஹிரகானா என்ற அடிப்படை எழுத்து வரிசையும் க, ச, த, ந, (ப இருந்த இடத்தில்) ஹ, ம, ய, ர, வ என்றே போகும். 46 எழுத்து, நாளுக்கு ஏழு வீதம் ஒரு வாரம். ஆனால் கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளில் தமிழ் கை கொடுக்காது. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. தினமும் எழுதிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் என்4-ஐத் தாண்டுவது கடினம்.

ஜெர்மனில் நிலைமை தலைகீழ். எழுத்துச் சிக்கல் அநேகமாக இல்லை. திணறுவது பாலில்: மேசை ஆண்பால், கதவு பெண்பால், சிறுமி அஃறிணை போல ஒன்றன்பால். பொருளைப் பார்த்துப் பால் சொல்லும் நமக்கு இது பிடிபடாது. அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்; பால் காட்டும் டெர், டீ, டாஸ் சேர்த்தே செய்யுங்கள். ஆயிரம் சொல் சேர்ந்த பிறகு பாலைத் தனியாக ஒட்டுவது இரட்டை வேலை.

பிரெஞ்சில் மூக்கொலி நமக்குச் சிரமம் இல்லை. பேச்சில் "வந்தான்" என்னும்போது கடைசி ன் மூக்குக்குள் போகிறதே, அதைப் போன்ற ஒலிதான். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் அதைப் பேசப் பழகியதாக எண்ண வேண்டாம். எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று காட்டும் தேர்வு எழுதிவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு மொழிகளுக்கு இடையே மனம் ஊசலாடினால், ஒவ்வொன்றுக்கும் 14 நாள், தினம் 45 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் வாரம் எழுத்தும் ஒலியும், இரண்டாம் வாரம் 60 சொல், ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்று. அதை முப்பது தடவை கேட்டு, கடைசி நாள் பார்க்காமல் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எதில் நன்றாகச் சொன்னீர்கள் என்பதைவிட எதில் குறைவான நாட்கள் விட்டுப்போயின என்று பாருங்கள். இந்தச் சோதனையில் பலர் செய்யும் தவறு, உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைப்பது. ஜப்பானியத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் முதல் ஒலியில்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்'. பிறகு அந்தப் பிழையைக் கழற்ற மாதக் கணக்காகும்.

வகுப்பில் சேரும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு மாணவர் எத்தனை நிமிடம் வாய் திறக்கிறார் என்று எண்ணுங்கள். ஜப்பானியத்துக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில் நடக்கும் அந்தத் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. என்3 சான்றிதழோடு நேர்முகத்தில் வாயடைத்து நிற்பவர்கள் உண்டு. கோதே பி1, பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

வேலை பெங்களூரிலோ கொச்சியிலோ என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். கன்னடமோ மலையாளமோ கற்றுக்கொள்ளுங்கள். செலவழிக்கும் நேரத்துக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் இல்லை. மலையாள வினையில் ஆள் விகுதி கிடையாது: ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு. கன்னட எழுத்து படித்தால் தெலுங்குப் பலகையும் பாதி புரியும். நெருக்கமே இங்கு இடறவும் செய்யும்: மலையாளத்தில் 'வெள்ளம்' குடிக்கும் தண்ணீர், 'சம்சாரிக்குக' என்றால் பேசுவது. இப்படித் தோற்றத்தில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கும் சொற்களுக்கு முதல் நாளிலிருந்தே தனி நோட்டு போடுங்கள்.