15 வாட் லேப்டாப்பில் ஓவர்கிளாக்கிங்: எங்கெல்லாம் தப்பு நடக்கிறது

"அண்ணா, மல்டிப்ளையர் 34-லயே நிக்குது. 40-ன்னு மாத்திட்டா 4 கிகாஹெர்ட்ஸ் வந்துடும்ல?"

போன சித்திரையில் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. பாலிடெக்னிக் படிக்கிறார். ப்ராசஸரைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். கையில் ஐ5-8250யு ப்ராசஸர் உள்ள லேப்டாப். அவர் போட்ட கணக்கில் பிழையே இல்லை. பேஸ் கிளாக்கை மல்டிப்ளையரால் பெருக்கினால் வருவதுதான் ப்ராசஸரின் வேகம். 2011-க்குப் பிறகு வந்த இன்டெல் கோர் ப்ராசஸர்களில் பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். 16-ஆல் பெருக்கினால் 1.6 கிகாஹெர்ட்ஸ், 34-ஆல் பெருக்கினால் 3.4. சைக்கிளில் நாம் மிதிப்பது பேஸ் கிளாக் என்றால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மல்டிப்ளையர்.

ஆனால் அந்த 34-க்கு மேலே போக வழியில்லை. சிப்புக்குள்ளேயே பூட்டித்தான் அனுப்புகிறார்கள். பூட்டில்லாதவை பெரும்பாலும் டெஸ்க்டாப்பில் 'கே' என்று முடியும், லேப்டாப்பில் 'எச்கே' அல்லது 'எச்எக்ஸ்' என்று முடியும். 'யு' என்று முடிந்தால் அது மின்சாரம் குறைவாக இழுப்பதற்காகச் செய்தது. த்ராட்டில்ஸ்டாப் மாதிரி மென்பொருளில் எண்ணைக் குறைக்கலாம், உச்சத்தைத் தாண்ட முடியாது. 'கே' ப்ராசஸருக்கு எடுத்த வீடியோவைப் பார்த்து இதில் முயற்சி செய்வது வீண் வேலை. ஐ3-4005யு வைத்திருப்பவர்களுக்கு டர்போவே (தேவைப்படும்போது தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி) கிடையாது; 17 மல்டிப்ளையர், 1.7 கிகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான்.

சும்மா இருக்கும்போது, ப்ராசஸரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, மல்டிப்ளையர் 8 என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. அது பழுதில்லை. வேலை இல்லாதபோது ப்ராசஸர் தானே இறங்கிக்கொள்கிறது, வேலை வந்தால் கண்ணிமைப்பதற்குள் ஏறிவிடும்.

மல்டிப்ளையர் அசையவில்லை என்றதும் பேஸ் கிளாக்கில் கை வைப்பார்கள். ஆட்டம் என்270 போட்ட பழைய நெட்புக்குகளில் (133 பெருக்கல் 12) அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் தலைமுறை கோர் வந்தபோது, பிசிஐ எக்ஸ்பிரஸ் (மற்ற பாகங்களை ப்ராசஸரோடு இணைக்கும் பாதை) உட்பட மற்ற பாகங்களும் அதே கிளாக்கில் கட்டப்பட்டுவிட்டன. நாலைந்து சதவீதம் ஏற்றினாலே மெஷின் தொங்கலாம், டிஸ்க்கில் எழுதுவது கெடலாம். அந்தச் சொற்ப வேகத்துக்காக ப்ராஜெக்ட் ஃபைலைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். தம்பியின் லேப்டாப்பில் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதனை ஓட்டிப் பார்த்தோம். முதல் அரை நிமிடம் 3.4. பிறகு சரசரவென்று இறங்கி 1.5-இல் நின்றது. சூடு 97 டிகிரி. இந்த சிப்பின் எல்லை 100. நீண்ட நேரம் இழுக்க அதற்கு அனுமதித்த மின்சாரம் 15 வாட்; கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கூடுதலாக இழுக்க விடுவார்கள். அந்த நேரம் தீர்ந்து 15 வாட்டுக்கு வந்தாலும் சிப்புக்குள் உள்ள நாலு கோரும் (கணக்குப் போடும் பகுதிகள்) சேர்ந்து ஓடும்போது 2.2, 2.3 வரவேண்டும். 1.5 என்றால் அது சூட்டின் வேலை. அடிமூடியைக் கழற்றினோம். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது, சாமணத்தால் பிடித்து ஒரே துண்டாக உரித்து எடுத்தேன். சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஷீட் போட்ட வீட்டில், மெத்தைமேல் வைத்து ஓட்டிய மெஷின். கிருஷ்ணகிரி வெயிலில் அது வேறென்ன செய்யும்? சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றி மேசைமேல் வைத்து ஓட்டினோம், 2.3-இல் நிலையாக நின்றது. மல்டிப்ளையரைத் தொடவே இல்லை.

இதையெல்லாம் செய்யாமல் 15 வாட் வரம்பை 25 ஆக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பெரிய தப்பு. மெல்லிய ஹீட்சிங்க்கால் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாது. ஒரு நிமிடம் மட்டும் ஓட்டி எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

வோல்டேஜைக் குறைப்பது உண்மையிலேயே பலன் தரும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மாறாமல் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் செலவு கிட்டத்தட்ட 19 சதவீதம் குறையும். ஆனால் பேராசைப்பட்டு ஒரேயடியாக 150 மில்லிவோல்ட் குறைத்து, விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும்படி வைத்துவிட்டால், மெஷின் ஏறுவதும் விழுவதுமாகவே இருக்கும். 50-இல் ஆரம்பித்துப் பத்துப் பத்தாகப் போங்கள். 2019 டிசம்பரில் 'ப்ளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல லேப்டாப்புகளில் பயாஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் இந்த வசதியை மூடிவிட்டது. அதைத் திரும்பப் பெறப் பழைய பயாஸை ஏற்றாதீர்கள். பாதுகாப்பும் போகும், பாதியில் கரண்ட் போய் பேட்டரியும் தாங்காவிட்டால் போர்டும் போகும்.

லேப்டாப் திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறது என்றால் ப்ராசஸரை விட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வரியைப் பாருங்கள். அது 100 சதவீதத்திலேயே நின்றால், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள்.