பர்மா பட்ஜெட்டைப் படிக்கும்போது டாலர் விலையை எங்கே பார்ப்பது?

பட்ஜெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் டாலர் விலையைத் தேடுங்கள். டாலரை எத்தனை கியாட் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் வரவு செலவைப் பார்த்துப் பயனில்லை. நம் ஊரில் இது பழைய கதை. 2012 ஏப்ரல் வரை அரசு விலை ஒரு டாலருக்கு 6 கியாட் சொச்சம்தான், வெளிச் சந்தையில் 800 கியாட் அளவில் கைமாறிக்கொண்டிருந்தது. தாய்லாந்துக்கு எரிவாயு விற்று வந்த டாலரெல்லாம் அந்த 6 கியாட் கணக்கில் ஏட்டில் ஏறியதால், நாட்டின் பெரிய வருமானம் பட்ஜெட்டில் சில்லறைக் காசாகத் தெரிந்தது. அப்புறம் 818 கியாட்டில் புதுக் கணக்கு தொடங்கினார்கள்.

இப்போது மறுபடியும் இரண்டு விலை. 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி 2,100 என்று வைத்தது. வெளி விலை 2024இல் 4,000-ஐத் தாண்டிவிட்டது. ரங்கூனில் தங்கமும் டாலரும் கைமாறும் மொகல் தெருவில் கேட்டால் தெரியும், சத்தமாகச் சொல்லத்தான் மாட்டார்கள்.

சரி, கால்குலேட்டரை எடுங்கள். ஒரு பேச்சுக்கு, இந்த ஆண்டு கட்ட வேண்டிய வெளிக்கடன் 10 கோடி டாலர் என்று வைப்போம். 2021 தொடக்கத்தில் இருந்த 1,330 கியாட் விலையில் அது 13,300 கோடி கியாட். 2,100இல் 21,000 கோடி. 4,400இல் 44,000 கோடி. கடன் ஒரு டாலர்கூட ஏறவில்லை, வரி கட்டுகிறவர் சுமை மட்டும் மூன்று மடங்குக்கு மேல்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான். அரசுக்கு எரிவாயுவில் டாலர் வரவும் உண்டு, கியாட் விழுந்தால் அந்த வரவும் கியாட்டில் பெருகும். அதனால் டாலர் வரவை ஒரு பக்கம், கடன் தவணை, எரிபொருள் இறக்குமதி, தூதரகச் செலவு எல்லாவற்றையும் மறுபக்கம் எழுதிக் கழியுங்கள். துண்டு விழும் தொகைதான் உண்மையான அடி, அதை மட்டும் வெளி விலையால் பெருக்குங்கள். அரசு விலையில் பெருக்கினால் கணக்கு அழகாக வரும், அவ்வளவுதான்.

எந்த நாணயத்தில் கடன் என்றும் பாருங்கள். ஜப்பான் கொடுத்தது யென்னில்; 0.01 சதவீத வட்டி, 40 ஆண்டுத் தவணை, முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். வட்டியைப் பார்த்து இனாம் என்று நினைத்துவிடாதீர்கள், 2013இல் வாங்கியதற்கு அந்தப் பத்தாண்டு முடிந்துவிட்டது, இனி அசலும் சேர்ந்து போகும். 2021க்குப் பிறகு டாலருக்கு எதிரே யென்னும் விழுந்ததால், அந்தக் கடனில் அடி டாலர் கடன் அளவுக்கு இல்லை.

கடைசியாக, துண்டு விழுந்ததை எங்கிருந்து நிரப்பினார்கள் என்று தேடுங்கள். மத்திய வங்கி அரசுக்குக் கொடுத்த கடன் ஏறியிருந்தால், அச்சடித்த கியாட்தான் வெளியே வந்திருக்கிறது. அது திரும்பவும் டாலரைத் துரத்தும், அடுத்த தவணை இன்னும் கனக்கும். அரசுக் கணக்கு கைக்கு வரத் தாமதமானால் பாமாயில் விலையைக் கவனியுங்கள், இறக்குமதிச் சரக்கு என்பதால் அதில் சீக்கிரமே தெரிந்துவிடும்.